மருந்து போட்டவர்

1

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்தபோது ஊரிலிருந்து போன் வந்தது.

"அக்கா, கதிரவன் பேசுறேன்க்கா. நல்லாருக்கீங்களா? அங்க குளிரா?"

கதிரவன் என் சித்தப்பா மகன். நன்னிலத்துக்குத் தெற்கே எங்கள் ஊரிலேயே இருக்கிறவன். சொந்தமாகக் கொஞ்சம் நிலம், ஒரு உரக்கடை, கட்சியில் ஏதோ கிளைப் பொறுப்பு. அவன் குளிரைப் பற்றி விசாரித்தால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

"பெரியப்பாவுக்குப் படத்திறப்பு வைக்கிறோம்க்கா. கூலிப் போராட்டம் நடந்து அம்பது வருஷம் ஆகுதுல்ல. பஸ் ஸ்டாப்புகிட்ட பெரிய ஃபிளெக்ஸ். மாவட்டத்துலேர்ந்தெல்லாம் ஆளுங்க வர்றாங்க. நல்ல போட்டோவா ஒண்ணு அனுப்புங்க."

"எதுக்குடா படத்திறப்பு? அவர் என்ன பண்ணிட்டாருன்னு?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க! மிராசுதார் எறக்குன வெளியாளுங்களை ஒத்தை ஆளா வெரட்டுனவரு. அன்னைக்கு அவரு குளத்துல மருந்து வைக்கலன்னா நம்ம தெருவுக்குக் கூலி ஏறியிருக்குமா?"

பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

என் அப்பா வீராசாமி எந்தக் குளத்திலும் விஷம் வைக்கவில்லை. வைத்தார் என்று சொல்லித்தான் அன்று அவரை அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். இப்போது அதே பேச்சுக்கு மாலை போடப் போகிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் அரிசியைக் கழுவிக் கழுவி அது பாதி குருணையாகிவிட்டது.

அப்பாவைப் பற்றி எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். ஆனால் அவரைப் பற்றி எழுதப் போனால், இங்கே என் கண்ணெதிரே போன ஒரு குழந்தையைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அந்தக் குடும்பத்தார் பெயரையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். மற்றபடி நடந்தது நடந்தபடியே.

2

நான் இருப்பது நியூசிலாந்தின் வடதீவில், மனிதர்களைவிட மாடுகள் அதிகம் உள்ள பகுதியில். வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வேலை ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில். ஊரில் என்னை டாக்டர் என்று சொல்லிக்கொள்கிறார்கள்; சொல்லிவிட்டுப் போகட்டும். உண்மையில் நான் அடுத்தவர் மலத்தைப் பரிசோதிக்கிறவள்.

நிஜ டாக்டர் என் மகள் இளவேனில். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் இருக்கிறாள். அவ்வளவு அழகான பெயரை வைத்துவிட்டு அவள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இங்கே எல்லோரும் 'எல்லா' என்று கூப்பிடுகிறார்கள், அவளும் 'என்ன' என்று திரும்புகிறாள். அவளுடைய தமிழ் சமையலறையைத் தாண்டாத தமிழ். சாப்பிட்டியா, கையைக் கழுவு, அதைத் தொடாதே, விஷம். பாத்திரம் கழுவும் மெஷினில் போடும் மாத்திரை, கழிப்பறைக்கு ஊற்றும் நீலத் தண்ணீர், எலிக்கு வைக்கும் பச்சை உருண்டை, எல்லாவற்றுக்கும் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

நாங்கள் இருக்கும் இந்த ஊரில் கோயில் கிடையாது. பங்குனி உத்திரத்துக்கு ஒரு பொது மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மேஜைமேல் முருகனை வைத்துப் பால் அபிஷேகம் செய்வோம். அதற்குக் காப்பீட்டுச் சான்று வேண்டும், சாப்பாடு பரிமாறப் பயிற்சிச் சான்று வேண்டும், கற்பூரம் ஏற்றத் தனி அனுமதி வேண்டும். எல்லாம் கேட்டார்கள். பால் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

வழக்கமாகக் கடைப் பால்தான். அதில் நம்மவர்களுக்கு ஒரு குறை. "பாக்கெட் பால் ஏற்கெனவே காய்ச்சினதுங்க. காய்ச்சின பால் சாமிக்கு ஆகாதே" என்பார்கள். அபிஷேகத்துக்குப் பச்சைப் பால்தான் என்பது யாரும் சொல்லித்தராமலே நமக்குத் தெரியும். வீட்டில் பொங்கக் காய்ச்சாமல் ஒரு வாய் பால் குடிக்காத ஜனம் நாம். சாமிமேல் ஊற்றிவிட்டால் மட்டும் பச்சையாகவே குடித்துவிடுவோம்.

இந்தத் தடவை கல்பனா ஒரு கேன் நிறையக் கறந்த பால் கொண்டுவந்தாள். கும்பகோணத்துப் பெண். அவள் கணவனுக்கு மாட்டுப் பண்ணையில் பால் கறக்கிற வேலை. விசாவும் அந்த வேலையை நம்பித்தான். அவளுடைய அண்ணன் குடும்பமும் இதே ஊரில். அண்ணி ரம்யா. அவர்களுக்கு நாலு வயதில் தியா என்று ஒரு பெண் குழந்தை. கல்பனாவுக்குக் குழந்தை இல்லை. தியாவை இடுப்பைவிட்டு இறக்க மாட்டாள். ரம்யாவுக்கு அது கண்ணை உறுத்தும். "எம் புள்ளைய கொஞ்சம் எங்கிட்டயும் விடு கல்பனா" என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறாள்.

அபிஷேகம் முடிந்ததும் சர்க்கரை கலந்து ஆளுக்கு ஒரு கரண்டி பிரசாதம். நானும்தான் கை நீட்டி வாங்கிக் குடித்தேன். பரிசோதனைக்கூடப் புத்தியெல்லாம் சாமி முன்னால் வேலை செய்வதில்லை. தியா, "அத்தை, இன்னும்" என்றாள். கல்பனா ஒரு டம்ளர் நிறையக் கொடுத்தாள். குழந்தைக்கு மீசை வைத்ததுபோல உதட்டுக்குமேல் பால். எல்லோரும் சிரித்தோம்.

சில நாளில் தியாவுக்கு வயிற்றுப்போக்கு. அப்புறம் ரத்தமாகவே போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாதிரி எங்கள் கூடத்துக்கு வந்தது. மெஷின் சொல்லிவிட்டது. குடலில் வாழும் சாதாரண ஈ.கோலை கிருமிதான், ஆனால் அதற்குள் நச்சு செய்யும் மரபணு இருக்கிறது.

வார்டில் பெரிய டாக்டர் ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கியிருக்கிறார். ரம்யா ஆங்கிலம் தெரியாதவள் அல்ல. ஆனால் குழந்தையின் கையில் நாலு குழாய் செருகியிருக்கும்போது எந்தத் தாய்க்கு ஆங்கிலம் புரியும்? முறைப்படி போனில் மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்க வேண்டும். பிடித்தார்கள்; காத்திருங்கள் என்று பாட்டுத்தான் கேட்டது. ரம்யா என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ தமிழ்ல சொல்லும்மா" என்றிருக்கிறாள்.

இளவேனில் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். "தியா வயித்துல விஷம் இருக்கு. அது ரத்தத்துல போய் கிட்னியைக் கெடுக்குது."

"விஷமா? யாரும்மா வச்சது?"

'வச்சது' என்றால் இளவேனிலுக்குப் புரியவில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். "அந்தப் பால்லேர்ந்து. அவங்க அத்தை குடுத்தாங்கல்ல, அந்தப் பால்."

அவ்வளவுதான். அந்த வார்டில் அன்று எழுந்த அலறலை என் மகள் இன்னும் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம், "அம்மா, நான் கரெக்டாதானே சொன்னேன்? எந்த வேர்ட் தப்பு?" என்று அழுதாள். எந்த வார்த்தையும் தப்பில்லை, அதுதான் கஷ்டம். முறையை மீறி மொழிபெயர்த்ததற்காக அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதைவிட அந்த அலறல்தான் அவளை உடைத்துவிட்டது.

3

'யாரும்மா வச்சது' என்று ரம்யா கேட்டதை இளவேனில்தான் எனக்குச் சொன்னாள். அந்தக் கேள்வியை நான் எட்டொன்பது வயதில் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்று காதால் கேட்டிருக்கிறேன்.

கழக ஆட்சி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. நில உச்சவரம்பு என்று மேடைதோறும் பேச்சு. எங்கள் தெருவில் செங்கொடி. தை மாதம், சம்பா அறுப்பு. கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு எங்கள் ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். மிராசுதார் தெற்கேயிருந்து லாரியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஆணும் பெண்ணுமாகக் களத்துமேட்டில் கீற்றுக் கொட்டகையில் தங்கினார்கள். குடிக்கவும் பக்கத்துக் குளம், கால் கழுவவும் அதே குளம்.

எங்கள் தெருவில் 'வெளியாள்' என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டுத் துப்புவார்கள். இத்தனைக்கும் அவர்களும் எங்களைப் போலக் கஞ்சிக்கு வழியில்லாமல் வந்தவர்கள்தான்.

வாந்திபேதி முதலில் கொட்டகையில் கண்டது. ஒரு பெண் செத்தாள். அடுத்து ஒரு ஆள். சுகாதாரத்துறைக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து எங்கள் தெருவில் ஊசி போட்டார். கிணற்றில் கரைத்து ஊற்றும்படி பிளீச்சிங் பவுடர் பொட்டலம் ஒன்றை அப்பாவிடம் கொடுத்துப் போனார். அப்பா பண்ணையில் பூச்சிமருந்து அடிக்கிறவர். பொடி கிடியெல்லாம் பதனமாகக் கையாளுவார் என்று அவரிடம் கொடுத்தார்.

அப்பா பாதியை எங்கள் கிணற்றில் போட்டார். மீதியை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். அம்மாவுக்கு ஆத்திரம்.

"எங்க கெளம்பிட்ட? நம்ம வயித்துல அடிக்க வந்தவனுங்களுக்கு நீ போய் ஊழியம் பண்ணப்போறியா?"

"வயித்தால போயிக்கிட்டிருக்கவனுக்கு என்னடி கட்சி?" என்றார் அப்பா. "அந்தக் கொளத்துத் தண்ணியைத்தான் குடிக்குதுங்க."

போய்க் குளத்துப் படித்துறையில் கரைத்து ஊற்றிவிட்டு வந்தார். அதைக் காரியஸ்தர், அதாவது மிராசுதாரின் கணக்குவழக்கெல்லாம் பார்க்கிறவர், வரப்பிலிருந்து பார்த்திருக்கிறார்.

மறுபடியும் ஒருத்தி செத்தாள். அதற்குமேல்தான் ஊருக்குள் ஜீப் வந்தது. காலரா என்று வாயைத் திறந்து சொல்ல ஒரு அதிகாரிக்கும் மனசில்லை. சொன்னால் மேலே பதில் சொல்ல வேண்டும், பெரியவர்கள் எல்லாம் வருவார்கள். ஆகவே அது காலரா இல்லை என்று முடிவாயிற்று; பொட்டலம் கொடுத்தவரும் வாயைத் திறக்கவில்லை. காலரா இல்லையென்றால் இத்தனை பேர் எப்படிச் செத்தார்கள்? அதற்குக் காரியஸ்தர் பதில் வைத்திருந்தார்.

களத்துமேட்டில் எல்லோர் முன்னாலும் வைத்து இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"கொளத்துல என்னடா போட்ட?"

"மருந்துதாங்க போட்டேன்."

அப்பாவுக்குப் பிளீச்சிங் பவுடர் என்ற பெயர் வாயில் வராது. எங்கள் தெருவில் எவருக்கும் வராது. கிணற்றில் போட்டால் அது கிணத்து மருந்து. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் பக்கத்தில் காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, பயிருக்கு அடிப்பதும் மருந்து. ஒருத்தி வாழ முடியாமல் போனால் 'மருந்தைக் குடிச்சிட்டா' என்கிறோம். பூச்சிமருந்து அடிக்கிற ஆள், வேலைநிறுத்தக்காரர், வெளியாள் குடிக்கிற குளத்தில் மருந்து போட்டேன் என்கிறார். இன்ஸ்பெக்டருக்கு இதைவிட என்ன வேண்டும்?

லத்தியால் முதல் அடி விழுந்தது. "நல்லதுக்குத்தாங்க போட்டேன், யாரும் வெஷம் வைக்கலீங்க" என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

"யாரும் வைக்காம விஷம் எப்படிரா வரும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பல மாதம் சிறையில் இருந்தார். குளத்துத் தண்ணீரிலும் செத்தவர்களின் வயிற்றிலும் பூச்சிமருந்து இல்லை என்று சோதனையில் ஒருவழியாகத் தெரிந்தபிறகு விட்டார்கள். அதற்குள் வெளியாட்கள் பயந்து ஓடிவிட்டார்கள். நெல் வயலிலேயே கொட்டத் தொடங்கியது. மிராசுதார் வேறு வழியில்லாமல் அரை மரக்கால் கூட்டிக் கொடுத்தார். தெருவே கொண்டாடியது. அப்பாவுக்கு மட்டும் சுற்றுவட்டாரத்தில் எவரும் வேலை தரவில்லை. 'மருந்து' வீராசாமி என்று பெயர் ஆகிவிட்டது; அவர் வந்தால் தண்ணீர்க் குடத்தை எடுத்து உள்ளே வைத்தார்கள், எங்கள் தெருக்காரர்கள்கூட. பூதலூருக்குப் போனோம். ரயிலடியில் மூட்டை தூக்கினார். நான் கல்லூரியில் இருந்தபோது இருமி இருமிச் செத்தார்.

4

விஷம் யாரும் வைக்காமல் எப்படி வரும் என்பதைத்தான் பிற்காலத்தில் நான் படித்தேன். பிழைப்புக்காகப் படித்தேன் என்று சொல்லிக்கொள்வேன். அது முழு உண்மை இல்லை.

பாக்டீரியா என்பது கண்ணுக்குத் தெரியாத கிருமி. அதையும் பிடிக்கிற வைரஸ்கள் உண்டு; நம்மை அவை ஒன்றும் செய்வதில்லை. கிருமிமேல் உட்கார்ந்து, தன் மரபணு இழையை அதற்குள் செலுத்தும். சில வைரஸ்கள் உடனே உள்ளே பெருகிக் கிருமியை வெடிக்கவைக்கும். சில அப்படிச் செய்யாமல், கிருமியின் மரபணுவோடு தன்னுடையதையும் கோத்துவிட்டுச் சும்மா கிடக்கும். கிருமி இரண்டாகப் பிரிந்தால் இதுவும் சேர்ந்தே பிரதியாகும். வைரஸின் மூட்டைக்குள் சில சமயம் வேறெங்கோ ஒட்டிக்கொண்டு வந்த ஒரு நச்சு மரபணுவும் இருக்கும். அன்றுமுதல் சாதுவான கிருமிக்கு நச்சு செய்யத் தெரியும். பிறகு ஏதோ ஒரு நெருக்கடியில் உள்ளே கிடந்த வைரஸ் விழித்துக்கொண்டால் அது ஏராளமாகப் பெருகும். கூடவே நச்சும் பெருகும். கிருமி வெடித்து எல்லாம் வெளியே கொட்டும். கொட்டிய வைரஸ்கள் பக்கத்தில் வேறு வகைக் கிருமி கிடைத்தால் அதற்குள்ளும் அதே மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

மாட்டின் குடலில் இப்படிப்பட்ட கிருமி இருந்தாலும் மாட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. பண்ணைக்கு அதிகாரிகள் போய்ச் சோதித்தார்கள். தியாவிடம் இருந்த அதே கிருமி, கொழுகொழுவென்று புல் மேய்ந்துகொண்டிருந்த பசுவிடம் இருந்தது.

காலராவும் இந்த ஜாதிதான். அதன் நச்சு மரபணுவைக் கொண்டுவருவதும் ஒரு வைரஸ். அது கிருமியைக் கொல்லாமலே கசிந்து கசிந்து அடுத்த கிருமிக்குப் போகிறது. உப்பங்கழியில் எத்தனையோ காலராக் கிருமிகள் யாருக்கும் கெடுதல் செய்யாமல் வாழ்கின்றன. இந்தச் செய்தி வெளியானபோது அப்பா செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. எங்கள் ஊர்க் குளத்தில் அன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, இனி யாருக்கும் தெரியாது. லாரியில் வந்தவர்களில் ஒருவர் வயிற்றில் வந்ததோ, தண்ணீரிலேயே கிடந்ததோ. ஆனால் யாரும் வைக்கவில்லை.

இதையெல்லாம் ரம்யாவிடம் சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் போலீசுக்குப் போகிறேன் என்று நின்றாள். போலீஸ் என்று ஒன்று நுழைந்தால் கல்பனாவின் விசா என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தியாவுக்கு அதற்குள் சிறுநீரகம் நின்றுபோய் மெஷின் வைத்திருந்தார்கள். வார்டுக்குப் பக்கத்துச் சின்னச் சமையலறையில் ரம்யாவை உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, வைரஸ், கிருமி, மாடு என்று எனக்குத் தெரிந்த எளிய தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"யாரும் வைக்கலம்மா. கல்பனாவும் அதே பாலைக் குடிச்சா. நானும் குடிச்சேன்."

"யாரும் வைக்காம விஷம் எப்படி ஆன்ட்டி வரும்?"

அந்த இன்ஸ்பெக்டர் குரலை என் ஆயுளுக்கும் வெறுத்தவள் நான். அதே வாக்கியம் ஒரு தாயின் வாயிலிருந்து வந்தபோது கோபப்பட முடியவில்லை. நம் பாஷையில் விஷம் என்று ஒன்று இருந்தால் வைத்தவர் என்று ஒருவர் இருந்தாக வேண்டும். நச்சு என்று சொல்லிப் பார்த்தேன். அது மேடையில் முழங்குகிற வார்த்தை, பிள்ளை சாகக் கிடக்கிற இடத்தில் அதற்கு அர்த்தமே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ரம்யா சொன்னாள். "நான் ஒண்ணும் சும்மா இருக்கல ஆன்ட்டி. வயித்தால போனதுமே ஊர்லேர்ந்து கொண்டாந்த மருந்து குடுத்தேன். போன தடவை கும்பகோணத்துல வாங்குனது, பாதி மாத்திரையா ஒடச்சு ஒடச்சு. அதனாலதான் இவ்வளவு நாளாவது தாங்குறா. இங்க சொன்னா திட்டுவாங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லல."

எந்த மாத்திரை என்று கேட்டேன். பெயரைச் சொன்னாள்.

கிருமிக்கு நெருக்கடி வந்தால் வைரஸ் விழித்துக்கொள்ளும் என்று சொன்னேன் அல்லவா? சில வகை ஆன்டிபயாடிக் அந்த நெருக்கடியைக் கொடுக்கும். இந்த நோய் என்றால் அவ்வகை மாத்திரைகளை டாக்டர்கள் தொடவே மாட்டார்கள். இவள் கொடுத்தது அந்த வகை. அதனால்தான் குழந்தைக்கு இப்படி முற்றியது என்று எவரும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லதுக்குத்தானே குடுத்தேன்?" என்றாள்.

"நல்லதுக்குத்தாம்மா குடுத்த" என்றேன்.

மாத்திரை விஷயத்தை இளவேனிலிடம் மட்டும் ஒதுக்கமாகச் சொன்னேன். "ரம்யாவைக் குத்துற மாதிரி யாரும் பேசக் கூடாது" என்றேன். அவள் பெரிய டாக்டரிடம் சொன்னாள். சிகிச்சையில் மாற்ற ஒன்றும் இல்லை என்றார் அவர். ரம்யாவிடம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ரம்யா போலீசுக்குப் போகவில்லை. என் படிப்பு ஜெயித்தது அந்த அளவுக்குத்தான்.

5

தியா இறந்துவிட்டாள். மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். அதற்குமேல் அதை எழுத எனக்கு வரவில்லை.

தகனம் செய்யும் இடத்துக்கு நம் ஜனம் எல்லாம் வந்திருந்தார்கள். கல்பனா உள்ளே வரவில்லை. வர விடவில்லை என்பதுதான் சரி. கார் நிறுத்தும் இடத்தில், மழையில், பூனைப்படம் போட்ட ஒரு சின்னக் கம்பளிச் சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். தியா கல்பனா வீட்டில் விட்டுப் போனதாம். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். உள்ளே இருந்தவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன்.

"ஆன்ட்டி, நான் குடுத்தது பால்தானே?" என்றாள்.

"பால்தாம்மா."

"அண்ணன் எம் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்குது. நான் என்னத்த வச்சேன்னு நெனைக்கிறாங்க? புள்ள கேட்டுச்சு, குடுத்தேன். சாமி பால்னு குடுத்தேன்."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாத்திரையைப் பற்றிச் சொன்னால், இவள் தலையில் இருப்பதில் பாதியாவது இறங்கும். ஆனால் இறங்கியது எங்கே போகும்? உள்ளே அந்தச் சின்னப் பெட்டியின்மேல் தலையை வைத்துக்கொண்டு கிடக்கிறவள் தலைக்குப் போகும். ஒருத்தியிடமிருந்து எடுத்து இன்னொருத்தியிடம் வைப்பதற்கு நான் யார்? வாயை மூடிக்கொண்டேன். கல்பனாவைக் கட்டிக்கொண்டேன்.

கல்பனாவும் கணவனும் தென்தீவுக்கு வேறு பண்ணைக்குப் போய்விட்டார்கள். அண்மையில் இந்தியக் கடையில் புதிதாக வந்த ஒரு பெண், கொத்தமல்லிக் கட்டைப் பொறுக்கிக்கொண்டே என்னிடம் கேட்டாள். "இங்க யாரோ நாத்தனாரே அண்ணன் கொழந்தைக்குப் பால்ல விஷம் வச்சுட்டாளாமே ஆன்ட்டி, நெசமா?" அந்தப் பெண் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நடந்ததைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, "இருந்தாலும்..." என்றாள்.

6

கதிரவனைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"கதிரவா, அப்பா குளத்துல போட்டது பிளீச்சிங் பவுடர்டா. அந்த ஜனம் பொழைக்கணும்னு போட்டாரு."

"தெரியும்க்கா."

"என்னடா தெரியும்?"

"எங்கப்பா சாகுறதுக்கு முன்னாடி சொல்லியிருக்காரு. ஆனா நீங்களே சொல்லுங்க, பிளீச்சிங் பவுடர் போட்டவருன்னு ஃபிளெக்ஸ் அடிச்சா எவன் வருவான்? இது கெத்தா இருக்குக்கா. பசங்க கேட்டா ரத்தம் சூடாவுதுல்ல."

"செத்துப்போனவங்க மனுசங்கடா. அதுல ரெண்டு பேரு பொம்பளைங்க."

"வெளியாளுங்கதானேக்கா."

போட்டோ அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு இருப்பது ஒரே போட்டோ. எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் கும்பகோணத்து ஸ்டூடியோவில் எடுத்தது. கேமராவைப் பார்த்துப் பயந்துபோய், யாரோ அதட்டியதுபோல நிற்பார். கதிரவன் அலட்டிக்கொள்ளவில்லை. "பரவால்லக்கா, கம்ப்யூட்டர்ல பண்ணிக்கிறோம்" என்றான்.

பண்ணிவிட்டார்கள். போன வாரம் படம் வந்தது. முறுக்கு மீசை, சிவந்த கண், உயர்த்திய கை. எங்கள் வீட்டில் எவருக்கும் இல்லாத மார்பு. பின்னால் கொழுந்துவிட்டு எரிகிற தீ. கீழே பெரிய எழுத்தில் பெயர்.

இளவேனில் பக்கத்தில் இருந்தாள். தியா போனதிலிருந்து அவள் வேலை முடிந்தால் தன் வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்துவிடுகிறாள். தமிழ் எழுத்துப் பழகுகிறாள். நான் சொல்லவில்லை, அவளாகத்தான். சமையல்மேடைமேல் குழந்தைகளுக்கான அட்டைகளைப் பரப்பிவைத்துக்கொண்டு அ, ஆ என்று முணுமுணுக்கிறாள். ஊரையும் குளத்தையும் பற்றி அவளுக்கு நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எந்த வயதில் எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் காலம் போய்விட்டது.

என் தோள்வழியாக எட்டிப் போனைப் பார்த்தாள். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள்.

"ம... ரு... ந்... து. மருந்து. வீ... ராசாமி. மருந்து வீராசாமி." படித்துவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில். "வீராசாமின்னா தாத்தாதானே? தாத்தா டாக்டரா இருந்தாராம்மா?"

ஐம்பது வருஷமாக அந்தப் பெயரைச் சொன்னவர்களில் ஒருவருக்காவது அந்த வார்த்தைக்கு அப்படி ஒரு அர்த்தம் தோன்றியதில்லை. எனக்கே தோன்றியதில்லை.

"ஆமாண்டி" என்றேன். "வெளியாளுங்களுக்கும் வைத்தியம் பாத்தவரு."